கடைசி இருக்கை வரை

ஆர்லீன் இரண்டாவது சுற்றில் இருக்கிறார். கையில் முழ நீள உருட்டுக்கட்டை. தாங்கள் குடியிருக்கும் வீட்டுவண்டியின் ஆறு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்கிறார். காற்று நிறைந்த டயர் கணீரென்று பதில் சொல்லும். இறங்கிய டயர் தொப்பென்று முனகும். காற்றழுத்தம் காட்டும் கருவி உள்ளேயே இருக்கிறது. "அது திரைக்குச் சொல்லும், இது எங்கிட்டச் சொல்லும்" என்பது அவர் வாதம். மகன் அனுப்பிய, பயணிகளைக் காக்கும் புனிதரின் பதக்கம் திருகாணி டப்பாவில் கிடக்கிறது. உருட்டுக்கட்டை மட்டும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

கழிவுநீர்க் குழாய் கழற்றியாயிற்றா, படி மடங்கியிருக்கிறதா, கூரை ஆன்டெனா இறங்கியிருக்கிறதா என்று அடுத்த சுற்று. எதையும் எழுதி வைப்பதில்லை. கட்டைவிரல் குழாய்க்கு, ஆள்காட்டி விரல் படிக்கு. இன்று காலை அந்த விரல்களை அவர் இரண்டு முறை எண்ணியதை, பக்கத்து வண்டியிலிருந்து நான் பார்த்தேன்.

அறுபத்தொன்பது வயது. அமெரிக்காவின் அயோவா மாநிலச் சிற்றூர் ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகள் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கணவர் மெர்ல் அதே பள்ளியில் தச்சு வேலை கற்றுக்கொடுத்தவர். இருவரும் ஓய்வுபெற்ற கோடையில் வாசலில் மேசை போட்டுச் சாமான்களை விற்றார்கள். பிறகு வீட்டையே விற்றார்கள். ஊர் பதறியது. ஆர்லீன் பதறவில்லை. "நாப்பது வருஷம் அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சோம், பனி அள்ளினோம். அது ஒரு நாளாவது எங்களுக்குக் காபி போட்டுக் குடுத்துச்சா?"

வண்டிக்குள் ஆளுக்கு ஓர் அலமாரித் தட்டுதான் சொந்தச் சாமானுக்கு. மெர்ல் உளிகளைக் கொண்டுவந்தார். ஆர்லீன் கொண்டுவந்தது, பேருந்தில் பிள்ளைகளைக் கண்காணித்த அகலக் கண்ணாடி. இப்போது குளியலறையில் மாட்டியிருக்கிறது. "பல் வெளக்கும்போதுகூடப் பின்னால யாரு சேட்டை பண்றான்னு தெரியணும்."

வண்டி வாங்கிய கடையில் விற்பனையாளர் சாவியை மெர்ல் கையில் கொடுத்தார். ஆர்லீன் கையில் அடுப்பு பற்றிய கையேட்டைக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. நான்கு ஆண்டுகள் மெர்ல்தான் ஓட்டினார். அரிசோனாப் பாலைவனத்தில் உள்ள எங்கள் முகாமுக்குக் குளிர்காலந்தோறும் இருநூறு வண்டிகள் வரும். ஆண்கள் ஓட்டுவார்கள்; பெண்கள் பின்னால் நின்று கையசைத்து வழிகாட்டுவார்கள். எந்தச் சட்டமும் இதைச் சொல்லவில்லை. சட்டம் இருந்தால் எதிர்த்து வழக்காவது போடலாம். வழக்கத்தின் மீது எங்கே போய் வழக்குப் போடுவது?

பெண்களுக்குத் தூரத்தைக் கணிக்கும் மூளை கிடையாது, கடவுள் அப்படித்தான் படைத்தார் என்று எங்கள் வரிசைக்காரர் பர்ட் ஒரு நாள் எல்லோருக்கும் விளக்கினார். கடவுளை இழுத்துவிட்டால் யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். அறுபது பிள்ளைகளைப் பனிச்சாலையில் இருபத்தேழு ஆண்டுகள் கொண்டுசேர்த்த ஆதாரம், அவருக்கு எதிரே உட்கார்ந்து சோளம் சுட்டுக்கொண்டிருந்தது. ஏன் சும்மா இருந்தீர்கள் என்று பிறகு கேட்டேன். எனக்குத்தான் கொதித்தது. ஆர்லீன் சிரித்தார். "அத்தன வருஷமும் ரோட்டையே பாத்தேன். எனக்கு ஜன்னலே கெடைச்சதில்ல. இப்பதான் மான் பாக்குறேன். அதக் கெடுத்துக்குவானேன்?"

ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் அவர் சிரிக்காமல் பேசுவார். பள்ளிப் பேருந்தில் ஒவ்வொரு நடை முடிந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கடைசி இருக்கை வரை நடந்து, ஒவ்வோர் இருக்கையின் அடியிலும் குனிந்து பார்ப்பார். தூங்கிவிட்ட பிள்ளை யாராவது இருக்கக்கூடும். "ஒரே ஒரு தடவ, ஒரு சின்னப் பொண்ணு. கோட்டுக்குள்ள சுருண்டு கெடந்தா. வெளிய உறைபனி. பாக்காமப் போயிருந்தா?"

மெர்லுக்கு அந்தப் பழக்கம் இல்லை. போன ஆண்டு பெட்ரோல் நிலையம் ஒன்றில் ஆர்லீன் காபி வாங்க இறங்கினார். பின்னால் படுத்திருக்கிறார் என்று நினைத்து மெர்ல் வண்டியை எடுத்துவிட்டார்.

"நாப்பது மைலும் எங்கூடப் பேசிக்கிட்டே போயிருக்கான். பதில் வரலன்னதும் நான் கோவமா இருக்கேன்னு நெனச்சானாம்!"

"திரும்பி வந்தேன்ல?" என்பார் மெர்ல்.

"வந்த. அதுக்குள்ள உன் காபியையும் நானே குடிச்சிட்டேன்."

இந்த ஜனவரியில் மருத்துவர், மெர்லின் இரு கண்களிலும் நடுப்பார்வை மங்கிவருகிறது, இனி ஓட்டக் கூடாது என்றார். அன்று மாலையே மெர்ல் ஓர் அட்டையில் ‘விற்பனைக்கு’ என்று அழகான தச்சன் எழுத்தில் எழுதி முன்கண்ணாடியில் வைத்தார். அயோவாவின் டி மாய்ன் நகரில் மகன் வீட்டு நிலவறையில் ஓர் அறை தயாராக இருக்கிறது. "மருமக நல்லவதான்" என்றார் ஆர்லீன் என்னிடம். "ஆனா அங்க ஷூவக் கழட்டி வெச்சிட்டுத்தான் மூச்சே விடணும்."

அன்று அவர்கள் வாசலில் நாற்காலி போட்டுச் சண்டையிட்டது எங்கள் வரிசைக்கே கேட்டது.

"நான் ஓட்டுறேன்."

"இது முப்பத்தொரு அடி, ஆர்லீன்."

"என் பஸ்ஸு நாப்பது அடி, மெர்ல்."

"நீ ஸ்டியரிங்கத் தொட்டே நாலு வருஷமாச்சு."

"யாரால?"

பிறகு மெர்லின் குரல் இறங்கி வந்தது. "நீ ஓட்டுனா, நான் என்ன பண்றது?"

"ஜன்னல் இருக்கு. ஓரப்பார்வ உனக்கு நல்லாவே தெரியும்னு டாக்டர் சொன்னாரே. மானு ஓரமாத்தான் நிக்கும்."

பதினான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும் என்பது முகாமின் விதி. அதை வைத்தே ஒப்பந்தமும் முடிந்தது. இருபத்திரண்டாம் எண் இடத்தில் ஆர்லீன் இடிக்காமல் பின்னோக்கி நிறுத்திவிட்டால் அட்டையை எடுத்துவிட வேண்டும். இடித்தால் மகனுக்கு ஃபோன். ஒரு பக்கம் வேலமரம், மறுபக்கம் மின்கம்பம் உள்ள இடம் அது. அந்த நாள்தான் இன்று.

அவர் சாவியைத் திருகியதும் நாற்காலிகள் எல்லாம் இருபத்திரண்டை நோக்கித் திரும்பின. தம்பதிகள் வண்டி நிறுத்தும்போது போடும் சண்டைதான் எங்களுக்கு இலவச நாடகம். பர்ட் எழுந்து போய் வண்டிக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் வீசினார்.

"இடது! இடதுங்கிறேன்ல! மெர்ல் எங்கம்மா? அவர ஓட்டச் சொல்லு!"

ஆர்லீன் தலையை வெளியே நீட்டினார். "பர்ட், என் பஸ்ல ரெண்டே வகைப் பசங்கதான். ஒக்காந்தவன், எறங்கினவன். நீ எந்த வகை?"

முகாம் சிரித்தது. பர்ட் வந்து உட்கார்ந்தார்.

முதல் முயற்சியில் வால் மரத்தை நோக்கிப் போனது. ஆர்லீன் நிறுத்தினார். முன்னால் இழுத்து நேராக்கினார். மீண்டும் பின்னால். பக்கத்து இருக்கையில் மெர்ல் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். மின்கம்பம் பக்கக் கண்ணாடியை ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. வண்டி நின்றது. யாரோ கை தட்ட, வரிசை முழுவதும் தட்டியது.

ஆர்லீன் இறங்குவார் என்று காத்திருந்தோம். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு எழுந்து பின்பக்கம் நடப்பது ஜன்னல்கள் வழியே தெரிந்தது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்து மூடினார். படுக்கையின் போர்வையைத் தூக்கிப் பார்த்து, வண்டியின் கடைசி ஜன்னலை ஒரு முறை தொட்டார். அதற்குள் மெர்ல் முன்கண்ணாடியில் தடவி, அட்டையை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். திரும்பி வந்த ஆர்லீன் அவர் தோளிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே சாவியை உருவினார்.