கனகாம்பரம் மணக்கும்

கொத்தமல்லி விதையை வெறுஞ்சட்டியில் போட்டு வறுத்தால், கருகுவதற்குக் கொஞ்சம் முந்தி ஒரு வாசம் வரும். கனகாம்பரப் பூவின் வாசம் அதுதான். அந்தப் பூவுக்கு வாசமே கிடையாது என்று எனக்குப் பத்து வயதுக்கு மேல்தான் தெரியும்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகும் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அப்பா கொஞ்சம் நிலத்தில் கனகாம்பரம் போட்டிருந்தார். பூ எடுக்க அம்மாவும் சாந்தி அக்காவும் நானும் விடியுமுன்னே போவோம். இருட்டில் ஒன்றும் இருக்காது. மண் வாசமும் சாணி வாசமும்தான். வெளிச்சம் ஏற ஏற, பூ நிறம் பிடிக்கப் பிடிக்க, வயல் முழுக்க யாரோ அடுப்புப் பற்றவைத்து மல்லி வறுக்க ஆரம்பித்த மாதிரி வாசம் கிளம்பி என் மேல் வந்து விழும். எனக்குக் கைகால் நிற்காது. வரப்பில் இங்கும் அங்கும் ஓடுவேன். "பூவை எடுக்கச் சொன்னா ஆட்டங்காட்டுறா" என்று அம்மா வையும்.

எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கண் பார்த்தால் மூக்குக்கு வரும். அதில் என்ன இருக்கிறது? பச்சை என்றால் மண்ணெண்ணெய். நெல் வயலைப் பார்த்தாலும் மண்ணெண்ணெய்தான், பச்சை டவுன் பஸ் வந்து நின்றாலும் மண்ணெண்ணெய்தான். நீலம் நனைந்த சாக்கு. மஞ்சள், கைக்குழந்தையின் உச்சந்தலை. வெள்ளை, சோறு வடிக்கும்போது வரும் ஆவி. சிவப்புதான் கடுமையானது. கொல்லுப்பட்டறையில் பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால் சுர்ரென்று ஒரு நெடி கிளம்புமே, அது. யாராவது சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்தால் எனக்குத் தும்மல் வரும்.

ஒரு நாள் பூக்கட்டும்போது அக்காவிடம் சொன்னேன், இதை வைத்தால் தலையெல்லாம் மல்லி வறுத்த வாசம் வருகிறது, உனக்கு எப்படிப் பிடிக்கிறது என்று. அக்கா நாரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கனகாம்பரத்துக்கு ஏதுடி வாசம்?"

கூடக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னை விட ஏழெட்டு வயது பெரியவள். எதையும் சோதித்துப் பார்க்கிற ஆள். என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், துணிகளையும் வளையல்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி வாசம் கேட்டாள். சொன்னேன். அடுத்த நாள் வரிசையை மாற்றிக் கேட்டாள். அதையேதான் சொன்னேன். பிறகு என் கண்ணைப் பொத்திக்கொண்டு பூச்சரத்தை மூக்கிலேயே வைத்து அழுத்தினாள். வெறும் பச்சைத்தழை வாடைதான். கையை எடுத்தாள். குப்பென்று மல்லி.

"அப்ப உனக்கு மூக்கு கண்ணுலதான் இருக்கு," என்றாள். அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. எங்களுக்குள் இருந்தது.

வாசம் வருகிற சங்கதி மட்டும் ஊருக்கே தெரிந்துபோனது. பிள்ளைகள் எனக்கு "மோப்பக்காரி" என்று பேர் வைத்தார்கள். அம்மா சளி என்று நினைத்து ஓமத்தைத் துணியில் கட்டி முகரச் சொன்னது. அதற்கும் கேட்காமல் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டியது. அவர் லைட் அடித்து மூக்குக்குள் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார். கண்ணுக்குள் பார்த்திருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்லுவது.

அந்த வருஷம் பக்கத்து வீட்டில் கலர் டிவி வாங்கினார்கள். அதுவரை தெருவில் இருந்தது கறுப்பு வெள்ளை. அதைப் பார்த்தால் வடித்த சோற்று வாசம் மட்டும் லேசாக வரும், நமக்குப் பழக்கம்தான். புது டிவியைப் போட்ட அன்று எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பாட்டு. பத்துப் பொம்பளைப் பிள்ளைகள், பத்துக் கலரில் பாவாடை, சுற்றி ஆடுகிறார்கள். எனக்கு மண்ணெண்ணெய், சாக்கு, குழந்தைத் தலை, பட்டறை நெடி, மல்லி எல்லாம் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. ஒன்றை முகர்ந்து முடிக்குமுன் அடுத்தது. மூச்சை இழுக்கத்தான் நேரம், விட நேரமில்லை. திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்ட மாதிரி இருந்தது. எழுந்து நின்று கத்திவிட்டேனாம். வெளியே ஓடி வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் மறுபடி உள்ளே ஓடினேன். அப்புறம் மறுபடி வெளியே. பாட்டு முடிகிற வரைக்கும் இதே வேலை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அந்தச் சமயம்தான்.

நத்தத்தில் ராசாத்தி அத்தை இருந்தது. அப்பாவின் தங்கச்சி. அது தன் மகன் முருகேசனுக்கு அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தது. முறை மாப்பிள்ளை, உரிமை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத பையன். ஆனால் அக்காவுக்கு அவர் கூடப்பிறந்தவர் மாதிரி. சின்ன வயதில் ஒரே தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறார்கள். இதற்கு நடுவில் செம்பட்டியிலிருந்து ஒருவர் தன் அம்மாவோடு பெண் பார்க்க வந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தார். பணியாரம் தின்றுவிட்டு, பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்காமல், இன்னும் ரெண்டு கிடைக்குமா என்று கேட்டார். அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டது. கதவுக்குப் பின்னால் அக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு அக்கா வேறு யாரையும் நினைக்கவில்லை. அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அப்பாவால் தங்கச்சியை மறுக்கவும் முடியவில்லை, மகள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. கடைசியில், "சாமிகிட்ட பூக்கட்டிப் பார்த்துருவோம்" என்றார். எங்கள் பக்கம் அது வழக்கம். ஒரு வெள்ளை அரளியையும் ஒரு செவ்வரளியையும் ஒரே மாதிரித் தாளில் தனித்தனியாக மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். வயசுக்கு வராத பெண்பிள்ளை ஒன்று எடுக்க வேண்டும். வருவதுதான் உத்தரவு, மறுபேச்சு இல்லை. வெள்ளை வந்தால் செம்பட்டி, சிவப்பு வந்தால் நத்தம் என்று பேசிவைத்தார்கள். எடுக்க வேண்டியது நான்.

அன்று காலை பூ எடுக்கும்போது அக்கா பக்கத்தில் வந்தாள்.

"வள்ளி, பொட்டலத்துக்குள்ள இருந்தா உனக்கு வராதுல்ல?"

வராது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் கேட்டாள். நான் முந்தின நாளே யாருக்கும் தெரியாமல் தாளில் அரளியை மடித்து வைத்துப் பார்த்திருந்தேன். தாளின் வெள்ளைதான் மணந்தது. இரண்டிலும் வடித்த சோறு.

"வராதுக்கா."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள். அவள் கை மட்டும் பூவோடு மொட்டையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தது.

காளியம்மன் கோயிலில் எல்லோரும் கூடினோம். பூசாரி பூவை மடிக்கப் போகும்போது அத்தை குறுக்கே வந்தது.

"அண்ணே, இவ எடுக்கக் கூடாது. இவ மோப்பம் பிடிச்சுருவா."

அப்பா சிரித்துவிட்டார். அது சின்னப் பிள்ளை பேச்சு, டாக்டரே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்றார். பூசாரி, இந்த வீட்டுப் பிள்ளைதான் எடுக்க வேண்டும், வேறு பிள்ளை எடுத்தால் செல்லாது என்றார். என் வாசத்தை ஊரில் ஒருவரும் நம்பியதில்லை. அம்மா சளி என்றது, பிள்ளைகள் பொய் என்றார்கள், அப்பா கிறுக்கு என்றார். அக்காவுக்கு அடுத்து என்னை முழுசாக நம்பிய ஒரே ஆள் அத்தைதான்.

"பேச்சோ நெசமோ, மூக்கக் கட்டு," என்றது.

கட்டுவதோடு விடவில்லை. இடுப்பிலிருந்து தைல பாட்டிலை எடுத்து என் மூக்கு முழுக்கத் தேய்த்து, அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவி, மூக்கைச் சேர்த்துப் பின்னந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டது. "இப்ப மோந்து பாருடி, பாப்பம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். என் கண் ரெண்டும் திறந்து கிடந்தன. அக்காவுக்கு உதடு துடித்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சாமியைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள். பணியாரத்துக்குச் சிரித்த அதே சிரிப்பு.

ஆனால் தைலம் கண்ணில் ஏறிவிட்டது. தண்ணீராகக் கொட்டுகிறது. ஒன்றும் தெரியவில்லை. பொட்டலங்கள் அம்மன் காலடியில் இரண்டு வெள்ளைத் திட்டாகக் கிடந்தன. துடைத்தேன். மறுபடி கொட்டியது. எடு எடு என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். தெரிந்துதான் என்ன, தாளைத் தாண்டி எனக்கு ஒன்றும் வரப்போவதில்லை. துண்டுக்குள் மூச்சு முட்டியது.

அப்போது பூசாரி வேப்பிலையைத் தீர்த்தத்தில் முக்கிச் சாமிக்கும் பொட்டலத்துக்கும் எனக்கும் சேர்த்து ஒரு வீச்சு வீசினார். முகத்தில் தண்ணீர் விழுந்ததும் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. கண்ணை அகல முழித்தேன். தாள் இரண்டும் நனைந்து பூவோடு ஒட்டிக்கிடந்தன. இரண்டும் வெள்ளைதான். சத்தியமாக எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இடது பக்கத்துப் பொட்டலத்திலிருந்து பட்டறை நெடி வந்தது.

துளிதான். எங்கேயோ தூரத்தில் இரும்பைத் தண்ணீரில் முக்குகிற மாதிரி. துண்டையும் தைலத்தையும் தாண்டி வந்தது. வேறு வழியாக வருவதற்குத் துண்டு என்ன செய்யும்? நான் பார்க்காததைக் கண் பார்த்துவிட்டு மூக்கிடம் சொல்லியிருந்தது. உடனே தும்மல். துண்டுக்குள்ளேயே தும்மிவிட்டு, வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன்.

அப்பா பிரித்தார். வெள்ளை அரளி.

அக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா குலவை போட்டது. அத்தை என் பின்னந்தலை முடிச்சைத் தொட்டுப் பார்த்தது. இறுக்கமாகவே இருந்தது. தானே போட்ட முடிச்சு. "சரித்தான், ஆத்தா உத்தரவு," என்று அவிழ்த்துவிட்டது. வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை அது.

ஏமாற்றினேனா என்று பெரிய பிள்ளையான பிறகு யோசித்ததுண்டு. தண்ணீர் தெளித்தது பூசாரி. மூக்கைக் கட்டியது அத்தை. நான் கண்ணைத் திறந்துவைத்திருந்தேன். அவ்வளவுதான்.

அக்கா செம்பட்டிக்குப் போனாள். அங்கே இன்னும் பணியாரம் சுடுகிறாள். அடுத்த வருஷம் முருகேசன் மச்சானுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தபோது, கல்யாணச் சேலை எடுக்க அத்தை என்னைத்தான் திண்டுக்கல் கடைக்குக் கூட்டிப்போனது. ஒவ்வொரு சேலையாக என் மூக்கில் பிடித்து வாசம் கேட்டது. பச்சைப் பட்டுக்கு மண்ணெண்ணெய் என்றேன். கடைக்காரர் எவ்வளவு சொல்லியும் வேண்டாம் என்று தள்ளிவிட்டது. மஞ்சளைத்தான் எடுத்தது. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்த பெண் ஒரு வருஷத்தில் குழந்தையோடு நின்றாள். அத்தை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டது.

நான் எட்டாவதோடு நின்றேன். கல்யாணம் உள்ளூரிலேயே ஆனது. வாசம் எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றொன்றாகப் போயிருக்கிறது. ஒரு நாள் டவுன் பஸ் வந்து நின்றது, மண்ணெண்ணெய் இல்லை. வேறொரு நாள் சிவப்புச் சட்டைக்காரர் எதிரே வந்தார், தும்மல் இல்லை. கனகாம்பரம் மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. இப்போது வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. எவ்வளவு கலர் ஓடினாலும் படம் மட்டும்தான் தெரிகிறது. கண் கண்ணாக இருக்கிறது, மூக்கு மூக்காக இருக்கிறது. டாக்டரிடம் காட்ட ஒன்றும் இல்லை.

போன தை மாதம் அக்கா வந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. கனகாம்பரம் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே, இன்னும் வருகிறதா என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவள் கேட்டதே அன்றைக்குத்தான்.

"இல்லக்கா. போயிருச்சு."

அக்கா சரத்தை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, செத்த நேரம் பார்த்தாள்.

"எனக்கு வருதுடி. மல்லி வறுக்குற வாசம். நீ சொல்லிச் சொல்லி எனக்கு ஒட்டிக்கிருச்சு. வெள்ளை அரளியப் பாத்தாக்கூட சோத்து ஆவி அடிக்குது."

நான் நாரைக் கீழே வைத்தேன். கருகுறதுக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டேன்.

"முந்தி," என்றாள் அக்கா.

சரியாகத்தான் சொன்னாள்.