அம்மாவின் பலகையில் நான் வைக்காத சொல்

தஞ்சாவூரில், பேச்சு வராத பிள்ளைகளுக்கான பள்ளியில் நான் இருபது வருடம் டீச்சர். படம் ஒட்டிய பொத்தானை அழுத்தினால் பேசும் பலகைகளை அவர்களுக்குப் பழக்குவது என் வேலை. பெற்றோரிடம் ஓயாமல் ஒன்று சொல்வேன்: "பிள்ளைக்குப் பதிலா நீங்க பேசாதீங்க." ஊருக்குத்தான் உபதேசம் என்பதை என்னைப் பார்த்துத்தான் சொல்லி வைத்தார்கள் போலிருக்கிறது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே தம்பி வீட்டில் இருந்தாள். பள்ளியிலிருந்து பழைய பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். சோறு, தண்ணி, வலி, காத்தாடி, கழிப்பறை, தம்பி, நான், ஆமாம். எல்லாவற்றையும் என் குரலில் பதிந்தேன். 'வேண்டாம்', 'இல்லை' இரண்டையும் வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. பானை காலியாகக் கிடந்தாலும் "அரிசி நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று வாய் தவறிச் சொன்னதற்கு அம்மாவிடம் அகப்பையால் அடி வாங்கியிருக்கிறேன். அவள் பலகையிலேயே அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் கொடுக்கும் பொத்தான் அது. படித்த முட்டாள் என்றால் நான்தான்.

வீட்டில்தான் அப்படி. வயலில் அம்மா வேறு ஆள். கூலிச் சண்டை நடந்த வருடங்களில், பண்ணையாரின் அடியாட்கள் எதிரே நின்று, "கூலியச் சொல்லாம அரிவாள எடுக்க மாட்டோம்" என்றவள். கழக ஆட்சி வந்த பிறகு, உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த நிலத்தில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், அவள் பெயருக்குப் பட்டாவானது.

தம்பியையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. எங்களுடையது கடைமடை. மூன்று வருடமாக ஆற்றுத் தண்ணீர் எட்டாமல் பயிர் கருகியது. இறால் குட்டை வெட்ட நிலம் கேட்டு வந்தார்கள், கொடுத்துவிடலாம் என்றான். அதற்கு முதலில் அம்மா அவன் பெயருக்கு எழுதித் தர வேண்டும். குட்டை வந்தால் மண்ணில் உப்பு ஏறிவிடும், பிறகு நெல் விளையாது. அது அம்மாவுக்கும் தெரியும்.

அம்மா படுக்கையில் இருந்ததால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வந்தார். பலகையை அவள் மடியில் வைத்தேன். "அம்மா, நிலத்த மகன் பேருக்கு எழுதிக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா? சொல்லுங்க" என்றார் அவர்.

அம்மாவின் இடது கை விரல் நகர்ந்தது. "சோறு" என்றது என் குரல். பிறகு "தண்ணி". பிறகு "வலி", "காத்தாடி", மறுபடியும் "சோறு". ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தித் தேடினாள். ஆமாம் என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போனாள்.

"பசிக்குது சார். காலையிலேருந்து ஒண்ணும் இறங்கல" என்றான் தம்பி.

அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்கு உடனே உறைத்துவிட்டது. வேறு யாருக்கும் உறைக்காது, இருபது வருடம் அதையே பார்த்தவள் நான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க இதுல டீச்சராமே. அம்மாவுக்குச் சம்மதந்தானே?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தெலும்பு தெரிய இளைத்துப் போயிருந்தான்.

"சம்மதந்தான் சார்" என்றேன்.

அம்மாவின் பெருவிரலில் மை தடவிப் பத்திரத்தில் உருட்டினார்கள். அவள் கையை இழுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, அந்த நேரத்தில் என் வாயும் சேர்ந்து போயிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைத்து அழுகிறேன்.

மறுநாள் 'வேண்டாம்' பொத்தானை வைத்தேன். அவள் விரலைப் பிடித்து ஒருமுறை அழுத்திக் காட்டினேன். அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். ஆனால் தொடவில்லை. ஊட்டிய சோற்றைத் தின்றாள், கொடுத்த மாத்திரையை விழுங்கினாள்.

தஞ்சாவூர் கிளம்பும் அன்று பையை வாசலில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு நாள் லீவு போட்டு உன்கூட இருக்கட்டுமாம்மா?"

விரல் நேராகப் போனது. "வேண்டாம்" என்றது என் குரல்.