எங்க ஊர் மேல என்ன கலர்?

எல்லாரும் சௌக்கியமா? உங்க பக்கம் வெயில் அடிக்குதா?

இங்கே காலையிலிருந்து மூட்டம். அறுத்த நெல் மொத்தத்தையும் ரோட்டில் காயப்போட்டிருக்கிறேன்.

ஷார்ஜாவிலிருந்து தம்பி வானிலை ரேடாரின் மழைப் படம் அனுப்பியிருக்கிறான். "அண்ணே, பச்சைன்னா தூறல், செவப்புன்னா கொட்டித் தீத்துரும். நம்ம ஊர் மேல என்னன்னு பாத்துக்க" என்று எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். கூப்பிட்டால் எடுக்கவில்லை.

என் போனில் கலர் போய் இரண்டு நாளாகிறது. அவன் வாங்கிக் கொடுத்ததுதான், அது தனிக்கதை. படத்தில் வேளாங்கண்ணியும் சாம்பல், கடலும் சாம்பல்.

டீக்கடை பாயிடம் காட்டினேன். "என்னண்ணே, பழைய சினிமாவா?" என்று சிரித்தார். அவருடையது பட்டன் போன்.

படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். வேளாங்கண்ணிக்குச் சற்று மேற்கே எங்க ஊர்; அங்கே பச்சையா, செவப்பா? கலர் தெரியுறவங்க சீக்கிரம் சொல்லுங்க.

இருங்க, வீட்டுக்காரி கத்துகிறாள். "ஏங்க, போனை வச்சிட்டுத் தார்ப்பாயைத் தூக்கியாங்க!"

செவப்பு என்றால் சொல்ல வேண்டாம், கொட்ட ஆரம்பிச்சிருச்சு, நானே நனைந்து…