மானின் வாயில் தொங்கிய பை

திருகோணமலை பஸ் நிலையத்தில் நிலாவெளி பஸ்ஸுக்காக நிற்கிறேன். இந்த ஊரில் புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாகத் திரிகின்றன. என் அருகில் ஒரு மான், சோறு கட்டிய சொப்பிங் பையைப் பாதி விழுங்கிவிட்டு மூச்சுத் திணறுகிறது. நகர சபைக்குக் குப்பை பொறுக்கும் தம்பி கையில் இடுக்கியோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“தம்பி, அதை இழுத்தெடும்.”

“ஏலாதம்மா. சபையைப் பெரிசாக்கி வேலையைப் பிரிச்சிட்டாங்கள். நிலத்தில கிடந்தா எங்கட குப்பை. மான்ர வாய்க்குள்ள போனா மிருகத்தைப் பாக்கிற கந்தோர்க்காரர்ட வேலை.”

“பாதி வெளியில தொங்குதே?”

“அதுக்குத்தான் இன்னும் கூட்டம் வைக்கிறாங்கள்.”

நான் கூட்டம் முடியும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை. மானின் கழுத்தை அணைத்துப் பிடித்து, பையை மெல்ல உருவி நிலத்தில் போடுகிறேன். தம்பி இடுக்கியை நீட்டுமுன் மான் மூக்கை நீட்டுகிறது. பையின் மேல் காலை ஊன்றிக்கொள்கிறேன்.

“காலை எடுங்கோம்மா. இப்ப அது எங்கட குப்பை.”

“முதல்ல மானைக் கலைச்சுவிடும்.”

“மான்ல கை வைக்க எங்களுக்கு அனுமதி இல்லையம்மா.”

நிலாவெளி பஸ் வந்து நிற்கிறது. நான் காலை எடுக்கவில்லை. மானும் தம்பியும் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பஸ் போகிறது.