சத்தமில்லாமல் குனியும் இரண்டு நொடி

நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவில் சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் இலவசப் பரிசோதனை முகாம் நடந்தது. நான் ஈப்போவில் ஆடியோலஜிஸ்ட். காது கேட்கிறதா, எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அதிலும் பச்சைக் குழந்தைகளைப் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் இன்னும் இருந்தன. என் அப்பா அம்மாவும் இப்படி ஒரு தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர்கள்தான். அதனால் முகாம் என்று கேள்விப்பட்டதும் நானாகவே போய்ப் பெயர் கொடுத்தேன்.

பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் ஒன்பது மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“லோரிக்காரன் வாசல்லயே ஹோன் அடிச்சாலும் இவன் முழிக்க மாட்டேங்கிறான் அக்கா. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பாக்கிறதில்ல. நான் முன்னால வந்து நின்னாத்தான் சிரிக்கிறான்.”

அந்த வயதுக் குழந்தைக்கு நாங்கள் செய்யும் சோதனை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். குழந்தை தாயின் மடியில் இருக்கும். உதவிக்கு வந்த நர்ஸ் எதிரே உட்கார்ந்து பொம்மையைக் காட்டுவார். நான் பின்னால் நின்று, குழந்தையின் கண்ணில் படாமல், ஒரு பக்கமாகக் குனிந்து கிலுகிலுப்பையை மெதுவாக ஆட்டுவேன். குழந்தை திரும்பினால் கேட்கிறது. ஆனால் இடையில் சில தடவை கிலுகிலுப்பையை ஆட்டாமல், சத்தமே இல்லாமல், அதே போலக் குனிந்தும் பார்க்க வேண்டும். அப்போதும் குழந்தை திரும்பினால், அது காதால் திரும்பவில்லை. நிழலைப் பார்த்தோ, மேலே பூசிய பவுடரின் வாசனையை வைத்தோ திரும்புகிறது என்று அர்த்தம். இது எங்கள் படிப்பில் முதல் வருடமே சொல்லித்தருகிற விஷயம்.

பையன் வலது பக்கம் மூன்று தடவை டக்கென்று திரும்பினான். இடது பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சலித்துப்போய்விட்டான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சத்தமில்லாமல் குனிந்து பார்க்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. அந்தத் தாயின் கவலை முகத்தைத் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் சிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

“காது நல்லா கேக்குது தங்கச்சி. பயப்பட ஒன்னும் இல்ல, திரும்ப வரத் தேவையில்ல” என்றேன்.

அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போய் ஒரு பை நிறைய ரம்புத்தான் பறித்துக்கொண்டு வந்து என் கையில் திணித்தாள். ஈப்போ வந்து சேர்வதற்குள் பாதிப் பையைக் காலி செய்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, குழந்தைகளுக்குக் காது பார்க்கிறவர்களின் தொழிலறிவைச் சோதிக்கும் தேர்வு ஈப்போவில் நடந்தது. எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளிவிட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு, ஓய்வுபெறும் வயதில் ஒரு மலாய் அம்மையார் உட்கார்ந்திருந்தார். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். ஓர் அறையின் படம். நடுவில் தாயும் குழந்தையும். பின்னால் வலது பக்கம் திறந்த கதவு, வெயில். குழந்தை வலது பக்கம் மட்டும் திரும்புகிறது, இதில் உனக்கு என்ன தோன்றுகிறது என்று மலாயில் கேட்டார்.

மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி கடகடவென்று சொன்னேன். கதவு வெளிச்சத்தில் பரிசோதிப்பவரின் நிழல் குழந்தைக்கு முன்னால் விழும், அதைப் பார்த்துத்தான் திரும்புகிறது, சத்தமில்லாமல் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தோட்டத்து மண்டபம் கண் முன்னால் வந்துவிட்டது. அங்கேயும் கதவு வலது பக்கம்தான். குழந்தைக்கு முன்னால் விரித்திருந்த பாயின் மேல் என் நிழல் விழுந்து விழுந்து மறைந்ததும் நினைவுக்கு வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் நீ அப்படிச் செய்து பார்ப்பதுண்டா என்று சாதாரணமாகக் கேட்டார்.

“தவறாமல் செய்வேன்” என்றேன்.

அவர் தலையாட்டி மதிப்பெண் போட்டார். நல்ல மதிப்பெண். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

முகாம் படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால் அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றது. அடுத்த சனிக்கிழமை நேரே தோட்டத்துக்கே போனேன். லயத்து வீடுகளில் பாதிக்குக் கூரையே இல்லை. நிலம் கைமாறி, இரண்டு மாதத்துக்கு முன்பே ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டதாம். ரம்புத்தான் மரம் மட்டும் நின்றது. அங்கே மிச்சமிருந்த ஒருவர், அந்தப் பெண் புருஷனோடு தெற்கே ஜொகூர் பக்கம் போயிருக்கலாம் என்றார். பக்கத்துக் கிளினிக்கில் கேட்டேன். குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம் தாயின் கையில் இருக்கிறது, திரும்பி வந்தால் சொல்கிறோம் என்றார்கள். திரும்ப வரத் தேவையில்லை என்று நான் சொன்னதை நினைத்தேன்.

தோட்டத்து முனையில் முஸ்லிம் அண்ணன் ஒருவர் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். ஊரை விட்டுப் போனவர்கள் கோயில் திருவிழாவுக்கு வந்தால் அங்கேதான் தேநீர் குடிப்பார்கள். அவரிடம் என் எண்ணைக் கொடுத்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். இதுவரை வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“புள்ளைய நான் பாத்திருக்கேன்லா. வந்தா ஒடனே போன் அடிக்கிறேன்” என்றார்.

ஒவ்வொரு வருடமும் திருவிழா முடிந்த மறுநாள் அவரே கூப்பிடுவார். ‘இந்தத் தடவையும் வரலைலா அக்கா’ என்பார். அந்த ஒரு வரிக்காகவே வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பேன்.

ஒருவேளை அவனுக்கு நன்றாகவே கேட்கலாம். அன்று நிஜமாகவே கிலுகிலுப்பைக்குத்தான் திரும்பினானோ என்னவோ. அது எனக்குத் தெரியாது என்பதுதான் கஷ்டம். இப்போது அவனுக்கு ஐந்து வயது நெருங்கும். அந்த வயதுப் பையன் யாராவது வந்தால், பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் கூட வந்திருக்கும் தாயின் முகத்தைப் பார்க்கிறேன்.

இன்று என்னிடம் வரும் எந்தக் குழந்தைக்கும், வரிசை எவ்வளவு நீண்டாலும், சத்தமில்லாமல் மூன்று தடவை குனிகிறேன். அப்படிக் குனிந்து நிற்கும் அந்த இரண்டு நொடியும், ஜொகூரிலோ வேறு எங்கேயோ, முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்தப் பையனின் பின்னால் இதே மாதிரி குனிந்து பார்த்திருக்க வேண்டுமே என்று என் மனசு கிடந்து தவிக்கிறது.