காலி செய்த வீட்டிலிருந்து பேசினார்கள்

ஜெர்மனியில் நான் படித்த ஊரில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு கேக் கொண்டுவர வேண்டும். நாலு பேர் வாங்கிவந்து, மெழுகுவத்தி ஏற்றி, வாயில் ஊட்டிவிடுகிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. அவரவர் பிறந்ததற்கு அவரவரே பொறுப்பு. என் இருபத்து நான்காவது பிறந்தநாள் அக்டோபரில் ஒரு சனிக்கிழமையில் வந்தது. விடுதியின் பொதுச் சமையலறையில் ஆறு பேருக்கு முன்னால் கேக்கை வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. காலை ஏழு மணிக்கே பையை மாட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை ஆனால் ரயில் ஏறுவது அப்போது எனக்குப் பழக்கமாகியிருந்தது. மாணவர் அட்டை இருந்தால் அந்த மாநிலம் முழுக்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம். எந்த வண்டி நிற்கிறதோ அதில் ஏறிக் கடைசி ஸ்டேஷன்வரை போவேன். இறங்கி, அந்த ஊர்க் கோட்டையையோ ஆற்றையோ மாதா கோவிலையோ போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வண்டியில் திரும்புவேன். அம்மா அந்தப் போட்டோக்களைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். "எம் பொண்ணு வாராவாரம் ஒரு ஊரு பாக்குது" என்பாள். உண்மையில் நான் எந்த ஊரையும் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அதற்காகத்தான் போனேன்.

முதல் செமஸ்டரில் எனக்கு இரண்டு பேப்பர் போய்விட்டது. அது தெரிந்த அன்று போனில் ஒரு மணி நேரம் அழுதேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அப்பா போனை அம்மா கையில் கொடுத்துவிட்டார். அம்மாதான் விடிய விடிய எதையெதையோ சொல்லிச் சமாளித்தாள். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வருவது நின்றுவிட்டது. அதோடு சேர்ந்து பசி, கோபம், வெட்கம், ஆசை எல்லாமே நின்றுவிட்டன. கால் மரத்துப்போனால் உதறிவிடலாம். ஆளே மரத்துப்போனால் எதை உதறுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாடம் படித்தேன், பரீட்சை எழுதினேன், இந்தத் தடவை பாஸும் செய்தேன். சந்தோஷம் மட்டும் வரவில்லை.

அன்று அழுதபோது அம்மாவிடம் ஒரே ஒரு வாக்குறுதி கேட்டிருந்தேன். அப்பா ஜூனில் ரிட்டயர் ஆகிறார். ரிட்டயர் ஆனால் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நான் அடுத்த மார்ச்சில் லீவுக்கு வருவேன், அதுவரைக்கும் மட்டும் காலி செய்யாதீர்கள், என் ரூமில் பத்து நாள் தூங்கிவிட்டு வந்தால் மிச்சப் படிப்பை முடித்துவிடுவேன் என்றேன். "வூடு எங்க பாப்பா போயிடும்? நாள் கூட்டிக் கேட்டிருக்கோம், குடுத்துடுவாங்க. நீ வா" என்றாள் அம்மா.

அந்த வீட்டை நான் அவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலையில் வருடக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருந்தவர். அவர் பெர்மனென்ட் ஆகும்வரை டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. மழை பெய்தால் புத்தகப் பையைத் தூக்கி அரிசி டிரம்மின் மேல் வைக்க வேண்டும். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா பெர்மனென்ட் ஆனார். கம்பெனி டவுன்ஷிப்பில் வீடு கிடைத்தது. தமிழ்நாடே பாதி நாள் இருட்டில் கிடந்த வருடங்களில்கூட எங்கள் பிளாக்கில் கரண்ட் போகாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். எனக்கென்று ஒரு கதவு இருந்தது, அதைச் சாத்திக்கொண்டு படித்தேன். நான் ஜெர்மனிவரைக்கும் வந்தது அந்தக் கதவால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பிறந்தநாளன்று நான் ஏறிய ரயில் ஒரு சிறிய ஊரில் முடிந்தது. வெளியே ஒரு பஸ் நின்றது, அதிலும் ஏறினேன். அது கொண்டுபோய் விட்ட இடத்தில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. சுரங்கத்தைப் பார்ப்பதற்கென்று மேடை கட்டி, கம்பி போட்டு, பக்கத்திலேயே காப்பிக் கடையும் வைத்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே மண்ணை வாரும் பக்கெட் வீல் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் சுற்றுகிற அதே ராட்சத சக்கரம்தான். ஏழு கடல் தாண்டி வந்து கடைசியில் அப்பா வேலைக்குப் போன இடத்துக்கே வந்து நிற்கிறேன். சிரிப்பாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. காப்பி வாங்கிக் குடித்தேன்.

அப்போதுதான் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போனிலேயே முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த சமயம். அங்கே மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஹாலில் அப்பாவும் அம்மாவும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை, அம்மா நைட்டி. அம்மா ஒரு தூக்குவாளியைத் திறந்து கேமராவுக்கு நேராகக் காட்டினாள்.

"கேசரி பாப்பா. நெய் வுட்டு ஒனக்காகக் கிண்டுனது. வாயத் தொற."

நானும் வாயைத் திறந்தேன். அவள் ஒரு ஸ்பூன் எடுத்துப் போனுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தை அப்பா வாயில் போட்டாள். சொந்த அடுப்பில் கிண்டிய கேசரியை ஹாலுக்குக் கொண்டுவர யாராவது தூக்குவாளியில் போட்டு மூடுவார்களா என்று அப்போதே தோன்றியது. தோன்றியதோடு சரி.

"அப்பா, இங்க பாரு" என்று போனைத் திருப்பிச் சுரங்கத்தைக் காட்டினேன்.

அப்பா துள்ளி எழுந்துவிட்டார். "ஏ யப்பா! நம்ம மெஷினு! அதே கை, அதே வாளி! பெல்ட்டு எப்புடி போவுது பாரு! சார், இங்க வந்து பாருங்க சார், எம் பொண்ணு எங்க நின்னுக்கினு பேசுதுன்னு!" என்று போனைத் தூக்கிக்கொண்டு உள்பக்கம் ஓடினார். போனைத் தூக்கி ஓடினால் எதிரில் இருப்பவருக்கு வீடு முழுக்கத் தெரியும் என்பது அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு மறந்துபோனது.

நான் பார்த்தேன். எங்கள் வெள்ளைச் சுவர் பச்சையாகியிருந்தது. டிவி இருந்த இடத்தில் லைட் போட்ட மீன் தொட்டி இருந்தது. எங்கள் வீட்டில் மீன் குழம்பில் மட்டும்தான் நீந்தும். என் ரூம் கதவில் யாருடைய யூனிஃபார்மோ தொங்கியது. எங்கள் சமையலறையிலிருந்து எனக்குத் தெரியாத ஒருவர் பனியனோடு வந்து, "அப்படியா? காட்டுங்க" என்றார்.

படம் ஒரு ஆட்டம் ஆடி, அம்மாவின் முகம் வந்தது. அப்பாவிடமிருந்து பிடுங்கியிருப்பாள்.

"யாரும்மா அது?" என்றேன்.

"எதிர் வூட்டுக்காரரு. ஒனக்கு வாழ்த்து சொல்லணும்னு வந்தாரு."

"மீன் தொட்டி?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது அவுங்களுதுதான். ஊருக்குப் போறாங்களாம், பாத்துக்கச் சொல்லி இங்க வெச்சிருக்காங்க."

காலி செய்துவிட்டார்கள். அப்போதே புரிந்துவிட்டது. புதிதாக வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, என் பிறந்தநாளுக்காகப் பழைய வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்து பேசுகிறார்கள். தெரிந்தால் பொண்ணு உடைந்துவிடும், படிப்பைப் போட்டுவிட்டு வந்துவிடும் என்று பயந்திருக்கிறார்கள். "அம்மா, எனக்குத் தெரிஞ்சிடுச்சி, பரவால்ல" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மீனுக்கு வேளாவேளைக்கு தீனி போடும்மா" என்றேன்.

"போடறேன், போடறேன்" என்றாள்.

அவர்கள் மனம் நோகக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டதாகப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுத்தப் பொய். சொன்னால் அம்மா அழுவாள், நான் எதையாவது உணர வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பல்பட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

நான் பேசாமல் இருந்ததால் நாடகம் தொடர்ந்தது. ஞாயிறுதோறும் மத்தியானம் அதே ஹாலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். பச்சைச் சுவரைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, அப்பா ஆசைப்பட்டுப் பெயின்ட் அடித்தார் என்றாள். நானும் விடுவதாயில்லை. ஒருநாள் என் ரூமைக் காட்டும்மா என்றேன். "உள்ள அப்பா தூங்கறாரு பாப்பா, நைட் ஷிஃப்ட்டு" என்றாள். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு ஏது நைட் ஷிஃப்ட்? அவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும், உடனே பேச்சை மாற்றினாள். இன்னொரு ஞாயிறு, கொல்லையில் பலா மரத்தடியில் நின்று பேசினாள். ஹாலில் கரண்ட் இல்லை என்றாள். எங்கள் பிளாக்கில், கரண்ட் இல்லையாம். அவளுக்குப் பின்னால் சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே, "சரிம்மா" என்றேன்.

சனிக்கிழமைகளில் ரயில் ஏறுவதும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் சந்தை, உறைந்த ஏரி, ஏதோ ஒரு ராஜாவின் அரண்மனை என்று போட்டோக்கள் போய்க்கொண்டே இருந்தன. "ஒண்ணுத்துல கூட சிரிக்க மாட்டேன்ற" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். குளிர் என்றேன்.

மார்ச்சில் ஊருக்கு வந்தேன். சென்னையிலிருந்து வந்த பஸ் ஆர்ச் கேட்டில் நின்றபோது, அப்பா மொபெட்டோடு காத்திருந்தார். பெட்டியை வாங்கி முன்னால் வைத்தார். வண்டியைக் கிளப்பவில்லை. ஆர்ச்சுக்குள் நுழைந்தால் டவுன்ஷிப். ரோட்டோடு போனால் வடக்குத்து. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அறுபது வயது மனுஷன் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"வடக்குத்துக்கே போப்பா" என்றேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "எப்பத்துலேந்து தெரியும்?"

"பிறந்தநாளன்னிக்கே."

 அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒங்கம்மா வாராவாரம் வெயில்ல நடந்தே போவா. வூட்ல இருக்கறாப்ல தெரியணும்னு பையில நைட்டிய எடுத்துக்கினு போயி, அங்க பாத்ரூம்ல மாத்திக்குவா. அங்க இப்ப இருக்கற அந்தம்மா நல்லவங்கதான். ஆனா அவுங்க வூட்டுக்கும் ஞாயித்துக்கெழம ஆளுங்க வருவாங்க இல்ல? ஒரு நாளு மட்டும் உள்ள கூப்புடல. பின்னால கொல்லையில நின்னே பேசிட்டு வந்துட்டா. வந்து ரெண்டு நாளு சரியா சோறு துன்னல."

மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ மொதல்லயே தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத. இன்னிக்கித்தான் தெரிஞ்சாப்ல இருந்துக்க. அவ்ளோ தொலவு நடந்துட்டா" என்றார்.

தலையாட்டினேன். வண்டி கிளம்பியது.

வடக்குத்தில் இரண்டு அறை வாடகை வீடு. சுத்தமாகவே இருந்தது. அம்மா வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிவரவில்லை, தப்பு செய்த பிள்ளைபோல நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தாள்.

"கோச்சுக்காத பாப்பா. போன மாசந்தான் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஒரு மாசம் முந்திக்கிச்சி. ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு…"

அப்பாவுக்குத் தலையாட்டியது நினைவிருந்தது. "என்னம்மா இது? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். நடிப்பாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் கேட்டு முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஒரு வருடமாக வராத அழுகை. மூச்சு முட்ட, குலுங்கிக் குலுங்கி அழுதேன். அம்மா காப்பியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் வீட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்தாள்.

"வூடுதான பாப்பா, வுடு. ஒனக்கு ஆசையா இருந்தா சொல்லு, நாளைக்கே போயி அந்தம்மாவக் கேக்கறேன். ஒன் ரூம்ல செத்த நேரம் ஒக்காந்துட்டு வரலாம். நான் கேட்டா வுடுவாங்க."

"வேணாம்மா" என்றேன். "நீ இனிமே அங்க போவாத. அவுங்க கேட்ல போயி நிக்காத."

தலையைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவள் அந்த வீட்டுக்குப் போய்வந்ததை அதுவரை என்னிடம் சொல்லியிருக்கவில்லை. வாசற்படியில் நின்ற அப்பா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை மறுபடியும் தடவ ஆரம்பித்தது.

"எழுந்திரு பாப்பா" என்றாள் அம்மா. "காப்பி ஆறுது."