காரை விட்டுவிட்டு வேலூருக்கு

காலை ஏழு மணிக்கு ஆம்பூரில் பஸ் ஏறினேன். வேலூர் ஐம்பது கிலோமீட்டர். அஞ்சாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தோல் சுமந்து, தோல் பதனிடும் டேனரி ஒன்றைச் சொந்தமாகக் கட்டியவன் நான். வீட்டில் காரும் டிரைவரும் உண்டு. ஆனால் நான் போகிற இடம் டிரைவருக்குத் தெரியக் கூடாது.

போன மாதம் என் செலவில் ரத்ததான முகாம் நடத்தினேன். முதல் ஆளாய்ப் படுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பிறகு போன் வந்தது. என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி என்கிற ஈரல் கிருமி இருக்கிறதாம், யாருக்கும் ஏற்ற முடியாதாம். வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள்.

மாதனூரில் செல்வராஜ் ஏறினான். என் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்து ஓய்ந்தவன்.

"இன்னா மொதலாளி, பஸ்ல? காரு இன்னா ஆச்சு?"

"ரிப்பேர்."

"வேலூர்ல பொண்ணு வூட்டுக்குப் போய்ட்டு சாயந்தரம் திரும்பிடுவேன். சேந்தே வரலாம்."

மறுக்க வழியில்லை. பள்ளிகொண்டா தாண்டியும் பேசிக்கொண்டே வந்தான். "இப்பல்லாம் அசதி ஜாஸ்தி மொதலாளி. சனிக்கெழமை போடவெப்பீங்களே சத்து ஊசி, அது இருந்தா தேவல." எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் டிக்கெட்டுக்கும் நானே கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படியே கேட்டார். "ரத்தம் ஏத்தியிருக்காங்களா? பச்சை குத்தினீங்களா? அடுத்தவங்க பிளேடுல ஷேவிங்? வெளியில பொம்பளைங்க சகவாசம்?"

"அந்தப் பழக்கமே கெடையாதும்மா" என்றேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

"ஊசி?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. "வாராவாரம் கம்பவுண்டரை வரவெச்சு ஆளுங்க எல்லாருக்கும் சத்து ஊசி போட்டவன் நான். எந்த டேனரியிலயும் கெடையாது. அவங்க பயப்படக் கூடாதுன்னு மொத ஊசி எனக்குத்தான்."

"ஊசி மாத்துவாரா?"

"எல்லாருக்கும், எல்லா வாரமும் ஒரே ஊசிதான். சுடுதண்ணியில அலசுவார்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "ஊர்ல பொதுவா இது கம்மிதான் ஐயா. ஒரே ஊசி சுத்தின எடத்துல ஜாஸ்தியாவும். வருஷக்கணக்கா வெளியில தெரியாது, உள்ள ஈரல் கெட்டுட்டே இருக்கும். உங்களுக்கு அடுத்து ஊசி போட்டுக்கிட்டது யாரு?"

செல்வராஜ். எப்போதும் அவன்தான்.

"தொட்டா, சேந்து சாப்பிட்டா ஒட்டாது. அவங்களையெல்லாம் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் செல்வராஜ் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு காத்திருந்தான். பாதியை என் கையில் கொட்டினான். பஸ் பாலாற்றை ஒட்டி ஓடியது. பொய்யைத் தொடர்ந்தால் மானம் தப்பும். இவன் ஈரல் தப்பாது.

"செல்வராஜ், காரு ரிப்பேர் இல்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கடலை மெல்வதை நிறுத்தினான். "அப்ப எனக்குமா?"

"இருக்கலாம். திங்கக்கெழமை கார்ல போய்ப் பாத்துடலாம்."

"மத்தவங்களுக்கு?"

"நானே சொல்றேன்."

மாதனூரில் இறங்கும்போது அவன், "இத்தினி வருஷம் வேல செஞ்சேன். உங்க கார்ல குந்தணும்னா இது வரணுமா மொதலாளி?" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஆம்பூர் நெருங்கியதும் தோல் வாடை உள்ளே வந்தது. வழக்கமாக அந்த வாடை வந்தால், என் ஊர், என் சம்பாத்தியம் என்று நிமிர்ந்து உட்காருவேன். அன்று, யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று யோசித்தபடி இறங்கினேன்.